குழாயடித் தேனீ

ஜனவரி 9

அக்கா,

எங்கள் வீட்டை இடித்தது உன் தேனீ.

மில் முதலாளி இல்லை. வாழிட அலுவலகம் இல்லை. புல்டோசர் ஓட்டியவனும் இல்லை. அவன் நம்மைப் போல ஒரு கூலிக்காரன். இடிப்பதற்கு முன்னால் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். செம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினான்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மில் லைன் வீடுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. மில் மூடிய பிறகும் அப்பா காலத்திலிருந்து வழக்கு நடத்தி, தடை வாங்கி, அங்கேயே இருந்தோம். மில்லின் வக்கீல்களால் நம்மை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியவில்லை. கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுள்ள ஒரு கறுப்புப் பூச்சி ஒரே வாரத்தில் நகர்த்திவிட்டது. நீதிமன்றத் தடை மில்லுக்கு மட்டும்தானாம். அரிய உயிரைக் காப்பாற்ற அரசின் வாழிட அலுவலகம் எடுத்துக்கொள்ளும் நிலத்துக்கு அது பொருந்தாதாம். மில் முதலாளி கையெழுத்துப் போட்டுச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டான். ஏன் கொடுக்க மாட்டான்?

சுற்றிலும் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு பலகை: பாதுகாக்கப்பட்ட வாழிடம், உள்ளே நுழையக் கூடாது. அதில் உன் தேனீயின் படம், ஒரு பூசணிக்காய் அளவுக்கு. பக்கத்து வீட்டு ரேடியோ அண்ணனை உனக்கு நினைவிருக்கும், பேச ஆரம்பித்தால் அணைக்க முடியாதவர். தலையில் பாத்திர மூட்டையோடு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“டேய் வால்வு, உங்க அக்கா பெரிய படிப்பு படிச்சு நமக்கெல்லாம் வீடு வாங்கித் தருவான்னு பாத்தேன். பூச்சிக்கு வாங்கிக் குடுத்துட்டா. எவ்வளவு பெரிய பங்களா பாரு, காம்பவுண்டு, வாட்ச்மேன் எல்லாம் வச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதிக்குத் தண்ணீர் லைன்மேன் நான்தான். இடிப்பதற்கு முன் குழாயடி வால்வை மூடி சீல் வைக்கச் சொல்லி எனக்குத்தான் உத்தரவு வந்தது. நான் ஸ்பானரோடு குழிக்குள் இறங்கும்போது அம்மா குழாயில் குடம் வைத்திருந்தாள். “இருடா, இது நிறையட்டும்” என்றாள். பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தான். நான் இருக்கவில்லை. கழுத்துவரைகூட வராத குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள்.

இப்போது ஊருக்கு வெளியே ஐந்தாவது மாடியில் ஓர் அறை. லிஃப்ட் இருக்கிறது, கதவு மட்டும் திறக்காது. லாரித் தண்ணீர்.

அந்தத் தேனீயைப் பற்றி அவர்களுக்குக் கொடுத்த அறிக்கையில் நீ என்ன எழுதினாய்? எனக்கு அது தெரிய வேண்டும்.

தம்பி

*

ஜனவரி 30

தம்பி,

தேனீ வீட்டை இடிக்காது. மண்ணில் ஒரு சின்னத் துளை போடும், அவ்வளவுதான். உன் கோபம் புரிகிறது, ஆனால் விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்வது அருங்காட்சியகத்தின் நிலவறையில். தரையிலிருந்து கூரைவரை இழுப்பறைகள், எல்லாவற்றிலும் ஊசியில் குத்திய பூச்சிகள். அதில் ஓர் இழுப்பறை கிட்டத்தட்டக் காலி. இந்தத் தேனீயின் பேரினத்துக்கு உரியது. உலகம் முழுக்கத் தேடினாலும் இந்தப் பேரினத்தில் இருபது வகைகூடத் தேறாது. நம் குழாயடியில் இருப்பதை வேறு எங்கும் யாரும் பார்த்ததில்லை.

நான் விடுமுறைக்கு வந்தபோது சாக்கடை ஓரம் குப்புறப் படுத்துக் கிடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? “படிச்சுப் படிச்சுக் கடைசியில சாக்கடையில வந்து படுத்திருக்கா பாரு” என்று அம்மா திட்டினாள். நீங்கள் சாக்கடைப்பூ என்று சொல்வீர்களே, அந்த மஞ்சள் பூ, அதில்தான் அது வந்தது.

இது கூட்டமாக வாழும் தேனீ இல்லை. ராணி கிடையாது, வேலைக்காரிகள் கிடையாது, தேன் சேமிப்பு கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனி. தனியாக மண்ணைத் தோண்டி, தனியாக அறைகள் கட்டி, முட்டையிட்டு, சில வாரங்களில் செத்துப்போகிறாள். பிள்ளைகளை அவள் பார்ப்பதே இல்லை. மற்ற தேனீக்கள் பூவில் தேன் தேடும். இவள் எண்ணெய் தேடுகிறாள். சாக்கடைப்பூவில் தேன் இல்லை, துளித்துளியாக எண்ணெய் இருக்கிறது. முன்கால்களில் பஞ்சு மாதிரி மயிர், அதில் எண்ணெயை ஒற்றி எடுத்துப் பின்னங்காலுக்கு மாற்றிக்கொள்கிறாள். மகரந்தத்தோடு பிசைந்து பிள்ளைக்கு ஓர் உருண்டை வைக்கிறாள். மிச்ச எண்ணெயால் அறையின் சுவரை மெழுகுகிறாள். அந்த மண் எப்போதும் ஈரம். மெழுகாவிட்டால் பிள்ளை அழுகிவிடும்.

அவளுக்குப் பசித்தால் சாக்கடைப்பூ உதவாது. தேனுக்கு வேறு பூ தேட வேண்டும். அவள் போனது எங்கே தெரியுமா? அம்மா பெயின்ட் டப்பாவில் வைத்திருந்த புதினாவுக்கு. பறிக்காமல் விட்டுப் பூத்துவிட்ட புதினா. பிள்ளைகளுக்கு ஒரு பூ, தனக்கு ஒரு பூ.

இவளுடைய கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் இன்னொரு தேனீயும் உண்டு. தனக்கென்று அது எதுவும் கட்டாது. அதையும் அங்கே பார்த்தேன்.

மில் அந்த இடத்தை விற்று அடுக்குமாடி கட்டப் பார்க்கிறது என்று நீதான் சொன்னாய். அரிய உயிர் இருக்கிறது என்று நிரூபித்தால் கட்ட முடியாது என்று நினைத்தேன். உங்களுக்காகவும்தான் எழுதினேன். யாரையும் அகற்றச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அறிக்கைக்கு ஒரு மொழி இருக்கிறது. அதை அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அம்மா படி ஏறுகிறாளா? முழங்கால் எப்படி இருக்கிறது?

அக்கா

*

பிப்ரவரி 21

அக்கா,

திருட்டுத்தனமாக அடுத்தவள் வீட்டில் முட்டையிடுகிற தேனீ, தனக்கென்று எதுவும் கட்டாத தேனீ. இதற்கு லத்தீனில் என்ன பேரோ. இங்கே மில் முதலாளி என்போம்.

உன் அறிக்கையைப் படித்துவிட்டோம். வழக்கை நடத்தும் வக்கீலம்மா பிரதி வாங்கி வந்தாள். அறைக்குள் இடம் பத்தாததால் எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பூவைப் பற்றி நீ எழுதியதெல்லாம் அழகாகத்தான் இருந்தது. ரேடியோ அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பத்தாம் பக்கம் வந்தது.

‘அச்சுறுத்தல்கள்’ என்று தலைப்பு. அதன் கீழே: குடியிருப்பிலிருந்து வழியும் கழிவுநீர். துணி துவைத்தல். தொடர்ந்து மிதிபடும் மண். குடியிருப்பவர்கள் செடியைப் பிடுங்குவது.

“செடியைப் பிடுங்கறது யாரு?” என்று அம்மா கேட்டாள்.

“நீதாம்மா. சாக்கடை அடைக்குதுன்னு வாரம் தவறாமப் பிடுங்கிப் போடுவியே.”

“துணி தொவைக்கறது?”

“அதுவும் நீதான்.”

“அப்ப மொத்தத்துல நான்தான்னு எழுதியிருக்கா.”

ரேடியோ அண்ணன் விடுவாரா? அன்றையிலிருந்து அம்மா படி இறங்கினால் “அச்சுறுத்தல் வருது, வழி விடுங்கடா” என்கிறார். அம்மா முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாளும் சிரித்தாள். பிறகு அறைக்குள் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மில்லில் வேலை செய்த எல்லாருடைய துணியையும் துவைத்துத்தான் அவள் உன்னைப் படிக்க வைத்தாள். இதை நான் சொல்லிக்காட்டுவேன். சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன்.

அறிக்கைக்கு ஒரு மொழி இருக்கிறது என்கிறாய். அந்த மொழியில் அம்மாவுக்கு வேறு வார்த்தையே இல்லையா?

வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். சாக்கடை காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. உன் மஞ்சள் பூச் செடி கருகிக் கறுப்பு நாராகத் தொங்குகிறது. காவலாளி நிழலில் உட்கார்ந்து தேனீயைக் காவல் காக்கிறான்.

தம்பி

*

மார்ச் 12

தம்பி,

நீ எழுதியதில் கடைசிப் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே. மேலே உள்ளதைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாக்கடை காய்ந்தது எப்போது? வால்வை மூடியதிலிருந்தா? அங்கே வேறு ஊற்று எதுவும் இல்லையா?

இல்லை என்று எனக்கே தெரியும். அந்த ஈரம் முழுக்கக் குழாயடியிலிருந்து வந்தது. ‘நிரந்தர ஈர மண்’ என்று அறிக்கையில் எழுதினேன். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எழுதவில்லை. அந்தப் படிவத்தில் மண்ணுக்கு ஒரு தலைப்பு இருக்கிறது, செடிக்கு ஒன்று, காலநிலைக்கு ஒன்று. மனிதர்களை எழுத ஒரே தலைப்புதான் இருக்கிறது. எந்த ஊர் அறிக்கையிலும் அப்படித்தான். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்படித்தான். கை தானாக அங்கே போய் எழுதிவிட்டது. அது நம் வீடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதும்போது அது ஆய்வு இடம்.

இப்போது ஒவ்வொன்றாக யோசிக்கிறேன். அம்மா பிடுங்கிப் போட்ட செடியின் வேர்த்துண்டுகள் சாக்கடை நெடுக முளைத்தன, அதனால்தான் அவ்வளவு பூ. மிதிபட்ட இடத்தில் புல் வளரவில்லை, வெறும் மண் கிடைத்தது, அதில்தான் கூடுகள். கழிவுநீர் இல்லையென்றால் பூவே இல்லை. புதினாவைப் பற்றி முன்பே சொன்னேன். நான் அச்சுறுத்தல் என்று எழுதியது எல்லாமே அதன் வாழ்க்கை.

இதைக் கவனமாகப் படி. தேனீக்கள் இன்னும் சாகவில்லை. போன பருவத்தில் வைத்த பிள்ளைகள் மண்ணுக்குள் இருக்கின்றன, அவற்றின் அம்மா மெழுகிவிட்டுப் போன அறைக்குள். பூ பூக்கும் சமயம்தான் வெளியே வரும். செடியின் வேரும் உள்ளே உயிரோடு இருக்கலாம். இப்போது தண்ணீர் கிடைத்தால் தளிர்க்கும். கிடைக்காவிட்டால் அவை வெளியே வரும்போது எண்ணெய் இருக்காது. ஒரே பருவத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

உங்களுக்கும் அதோடு முடிந்துவிடும். கோடையில் ஆய்வுக்குழு வரும். தேனீ இல்லை என்று எழுதினால் பாதுகாப்பு ரத்தாகும். நிலம் மில்லுக்கே திரும்பப் போகும், ஆள் இல்லாத காலி நிலமாக. தேனீ இருந்தால்தான் மறுபடியும் வாதாட ஏதாவது மிஞ்சும்.

அந்த வால்வைக் கொஞ்சம் திற. முழுக்க வேண்டாம், ஒரு நூல் அளவு கசிந்தால் போதும். உன்னால் மட்டும்தான் முடியும்.

திருத்தம் எழுதுவதைப் பற்றி எங்கள் துறைத் தலைவரிடம் பேச்செடுத்தேன். ‘ஒரு பருவத் தரவாவது வேண்டும், அவசரப்பட்டால் உன் பெயர்தான் கெடும்’ என்றார். என் ஒப்பந்தம் கோடையில் முடிகிறது. அதைப் புதுப்பிப்பவரும் அவர்தான்.

அக்கா

*

மே 4

அக்கா,

நீ கையெழுத்துப் போட்டால் உன் வேலை போய்விடும், அதனால் நான் சீலை உடைத்து என் வேலையைப் போக்கிக்கொள்ள வேண்டும். நல்ல கணக்கு. ஒரு கையெழுத்துக்கே உனக்கு இவ்வளவு நடுக்கம். இங்கே சீலை உடைத்தால் வேலையோடு போகாது, போலீஸ் கேஸ். திறக்க மாட்டேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததும் அதனால்தான்.

ஆனால் உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். “அப்ப அது செத்துட்டா எடம் மில்லுக்குப் போயிடுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு நான் பாதி வாளியில் குளிக்க ஆரம்பித்தேன். லாரித் தண்ணீர் வழக்கம்போல்தான் வந்தது, வீட்டில் மட்டும் தங்கவில்லை. “தண்ணி எங்கம்மா போகுது?” என்று கேட்டால் “ஆவியாப் போகுது” என்பாள். கடைசியில் பஸ் கண்டக்டர்தான் என்னை நிறுத்திக் கேட்டார்:

“தம்பி, நீங்க தண்ணி ஆபீஸ் லைன்மேன்தானே? உங்கம்மா தினமும் ரெண்டு கேன் தண்ணியத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போறாங்க. அந்தப் பக்கம் தண்ணி விட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?”

மறுநாள் பின்னாலேயே போனேன். வேலியின் அடிக்கம்பி ஒரு மூலையில் தூக்கிக் கிடந்தது. அதற்குள் முதலில் கேனைத் தள்ளினாள், பிறகு படுத்து ஊர்ந்து உள்ளே போனாள். அந்த முழங்காலோடு. ஒவ்வொரு செடியாக வேரில் ஊற்றிக்கொண்டே “குடி, குடிச்சுத் தொலை” என்று திட்டினாள்.

“என்னம்மா பண்றே?”

“உங்க அக்கா பிள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்தறேன். பெத்தவ வரல, நான் என்ன பண்ணட்டும்?”

“நாலஞ்சு மாசம் முன்னாடிவரை பிடுங்கிப் போட்டே.”

“அப்ப வீடு இருந்துச்சு, செடி எனக்கு எதுக்கு? இப்ப இதுங்க இருந்தாத்தான் கேஸ் இருக்கும். கேஸ் இருந்தாத்தான் வீடு இருக்கும். நீ எடத்த விட்டு நகரு, மிதிக்காதே. இல்ல, மிதி. மிதிச்சா நல்லதுன்னு எழுதியிருக்கா.”

இரண்டு பேரும் அந்த வெயிலில் நின்று மிதித்தோம். பைத்தியக்காரர்கள் மாதிரி.

காவலாளி ஓடி வந்தான். “ஏம்மா, போர்டு தெரியல? தேனீ இருக்கற எடம்!”

“தேனீ தாகமா இருக்குப்பா” என்றாள். அவன் ஒரு கேனைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தான். அது விழுந்து உடைந்தது. வரும் வழியில் பஸ்ஸில் அம்மா என்னைத் திட்டினாள், அந்தக் கேனை நான் தாவிப் பிடித்திருக்க வேண்டுமாம்.

செடி தளிர்த்திருக்கிறது. கறுப்பாக ஒன்று பறந்ததாகவும் அம்மா சொல்கிறாள். நான் பார்க்கவில்லை.

போகாதே என்று சொல்லிவிட்டேன். கேட்கிற ஆளா அவள்?

தம்பி

*

மே 27

தம்பி,

பறந்ததா? உண்மையாகவா? எந்த நேரத்தில்? வெயில் இருந்ததா? முதலில் ஆண்கள்தான் வரும், பூவைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டே இருக்கும், உட்காராது. அவற்றின் முகத்தில் மஞ்சள் இருக்கும். பெண்ணாக இருந்தால் பின்னங்கால் தடித்து, மகரந்தம் எண்ணெயில் நனைந்து பளபளவென்று இருக்கும். மற்ற தேனீக்களின் காலில் அது காய்ந்த மாவு மாதிரி தெரியும். இந்த வித்தியாசம் முக்கியம். முடிந்தால் பின்னங்காலைப் படம் எடுத்து அனுப்பு.

அம்மாவிடம் சொல், வேரில் மட்டும் ஊற்ற வேண்டும், துளைகளின் மேல் ஊற்றக் கூடாது. புதுக்கூட்டில் மெழுகி முடிக்கும் முன் தண்ணீர் இறங்கினால் கெட்டுவிடும். இன்னொன்று, புதினா. இடித்தபோது டப்பாக்கள் நசுங்கியிருக்கும். தேன் கிடைக்காவிட்டால் பெண் தேனீ நெடுந்தூரம் போவாள், கூடு பாதியில் நிற்கும். ஒரே ஒரு டப்பா இருந்தால்கூடப் போதும். கிள்ளாமல் பூக்க விட வேண்டும். அம்மாவுக்குக் கிள்ளாமல் இருக்க வராது, நீ பார்த்துக்கொள்.

மேகம் மூடிய நாளில் அது பறக்காது. ஆய்வுக்குழு அப்படிப்பட்ட நாளில் வந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உரிமை இருக்கிறது.

திருத்தம் மறக்கவில்லை. ஒப்பந்தம் அடுத்த மாதம் கையெழுத்தாகும் என்கிறார்கள். கையில் வந்த மறுநாளே எழுதுகிறேன். இதற்கு மேல் என்னை நெருக்காதே. இங்கே நானும் மூன்று பேரோடு ஓர் அறையில்தான் இருக்கிறேன். இந்த வேலை போனால் நான் திரும்பி வர வேண்டியது அந்த ஐந்தாவது மாடிக்குத்தான். அங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது?

அம்மாவை அந்த வேலிக்கு அடியில் ஊர விடாதே. வேறு யாராவது போகட்டும். அவளிடம் சொல், நான் வரும்போது அவளுக்கு அந்தத் தேனீயைப் பூதக்கண்ணாடியில் காட்டுகிறேன். எவ்வளவு அழகு என்று அப்போது தெரியும்.

அக்கா

*

ஜூன் 15

அக்கா,

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் உன் கடிதம் வந்தது.

போன் செய்தபோது எடுத்தாய். நான் சொன்னேன். மறுமுனையில் மூச்சு கேட்டது. பிறகு வைத்துவிட்டாய். எப்படி நடந்தது என்று நீ கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கம்பி தூக்கிக் கிடந்த மூலையைக் காவலாளி கல் வைத்து அடைத்துவிட்டான். அம்மா பின்பக்கமாகப் போய், மில்லின் பாதி இடிந்த சுவரில் ஏறியிருக்கிறாள். சுவர் சரிந்தது. சாக்கடைக்குள் விழுந்தாள். பழைய சாக்கடையாக இருந்தால் சேற்றில் விழுந்திருப்பாள், திட்டிக்கொண்டே எழுந்து வந்திருப்பாள். இப்போது அது கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. அவள் ஊற்றிய தண்ணீர் வேர் அளவுக்குத்தான் வந்தது, அவள் தலை விழுந்த இடம்வரை வரவில்லை. வால்வை மூடியது யார் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

காவலாளி சாயங்காலம்தான் பார்த்திருக்கிறான். வாழிட அலுவலகம் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தது: பாதுகாக்கப்பட்ட இடத்தில் அத்துமீறி நுழைந்த பெண் தவறி விழுந்து மரணம். ரேடியோ அண்ணன் அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். அன்று முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருமே அவரை அப்படிப் பார்த்ததில்லை.

நீ கேட்டவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

பெண் தேனீதான். அம்மாவைத் தூக்க உள்ளே விட்டபோது நான் பார்த்தேன். பின்னங்கால் தடித்து, எண்ணெய் தடவியது மாதிரி பளபளத்தது. ஒன்று இல்லை, நிறைய. துளைகளும் இருக்கின்றன. புதினாவும் இருந்தது. நீ எழுதுவதற்கு முன்பே அம்மா ஓர் உடைந்த டப்பாவில் நட்டு வைத்திருக்கிறாள், எப்போது கொண்டுபோனாளோ. கிள்ளவில்லை. பூத்திருந்தது.

பூதக்கண்ணாடி இனி வேண்டாம்.

தம்பி

*

ஜூலை 6

அக்கா,

பதில் இல்லை. சரி.

ஆய்வுக்குழு வந்தது. மேகம் மூடித் தூறிக்கொண்டிருந்த காலையில் வந்தது. ஷூவில் சேறு படாமல் பலகை போட்டு நடந்தார்கள், ஆனால் அங்கே சேறே இல்லை. இன்னொரு நாள் வரச் சொல்லி வக்கீலம்மா கேட்டாள். அடுத்த வருடம் வருகிறோம் என்றார்கள். ‘எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மில் அடுத்த நாளே நிலத்தைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டது.

மனுப் போட்ட அன்று மத்தியானம் நான் குழிக்குள் இறங்கினேன். பட்டப்பகலில்தான். சீலை உடைத்து வால்வைத் திறந்தேன். நீ கேட்ட ஒரு நூல் அளவு இல்லை, முழுக்க. உடைந்த குழாயில் காற்று முதலில் சீறிக்கொண்டு வந்தது, பிறகு செம்மண் கலங்கலாகத் தண்ணீர். சாக்கடை நெடுகப் போனது. அம்மா விழுந்த இடத்தைத் தாண்டியும் போனது. காவலாளி பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை. “நானும் குடிச்சுக்கறேன்” என்று பாட்டிலைக் கொண்டு வந்து பிடித்தான்.

வேலை போய்விட்டது. கேஸும் போட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர், “ஏண்டா, ஒரு பூச்சிக்காகவா?” என்று கேட்டான். இல்லை என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. வால்வை மறுபடி மூட ஆள் அனுப்பினார்கள். நான் வால்வின் திருகுத் தண்டை முறித்துவிட்டேன், மூட முடியாது. புதுசு போட அவர்களுக்கு டெண்டர் விட வேண்டும். டெண்டர் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று உள்ளே வேலை பார்த்த எனக்குத் தெரியும். இந்தப் பருவத்துக்குத் தண்ணீர் உண்டு.

தேனீக்கள் பறக்கும் படங்கள் எடுத்தாகிவிட்டது. வெயிலில், தெளிவாக, நீ கேட்ட பின்னங்காலோடு. ஆனால் வக்கீலம்மா சொல்கிறாள், படம் பாதிதான் உதவும். தேனீ இருக்கிறது என்று நிரூபித்தால் வேலியை இன்னும் உயர்த்துவார்கள். நாம் அப்போதும் வெளியேதான். மனிதர்கள் இருந்ததால்தான் தேனீ இருந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் வீட்டுக்காகப் பொய் சொல்கிறோம் என்பார்கள். அறிக்கையை எழுதியவளே சொன்னால்தான் எடுபடும். மார்ச்சில் எனக்கு எழுதினாயே, ‘அச்சுறுத்தல் என்று எழுதியது எல்லாமே அதன் வாழ்க்கை’ என்று. அதே வரிதான். தம்பிக்கு எழுதியதை நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும், கீழே கையெழுத்தோடு.

உன் கடிதத்தையே காட்டிவிடலாமா என்று கேட்டேன். அந்தரங்கக் கடிதம் செல்லாதாம். செல்லும் என்றாலும் உன்னைக் கேட்காமல் கொடுத்திருக்க மாட்டேன். இதை நீ நம்ப வேண்டும்.

விசாரணை ஆகஸ்ட் 11. என்னால் ஆனதைச் செய்துவிட்டேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 3

அக்கா,

இந்தக் கடிதத்தைத் துரிதத் தபாலில் அனுப்புகிறேன். முந்தையது கிடைக்கவில்லை என்று நீ சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டு வாங்கியதாக ரசீது வந்திருக்கிறது. உன் கையெழுத்துதான். சின்ன வயதில் என் நோட்டிலும் அப்படித்தான் போடுவாய், கடைசி எழுத்தை இழுத்து.

உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. புதுப்பித்திருந்தால் நல்லது. போயிருந்தால் இங்கே வா. ஐந்தாவது மாடியில் இப்போது ஒரு ஆள் இடம் காலியாகத்தான் இருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபத்திலும் சொல்கிறேன்.

நேற்றுக் குழாயடிக்குப் போனேன். பூ முடிந்துவிட்டது. பறந்தவை எல்லாம் செத்துவிட்டன, நீ சொன்னது போலவே. ஒன்றிரண்டு புதினா டப்பாவின் அடியில் கிடந்தன. துளைகளை மண் மூடிவிட்டது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. உள்ளே பிள்ளைகள் இருக்கின்றன என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஒருவன் மேல் கேஸ் இருக்கிறது, அவன் பேச்சு எடுபடாது.

விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம். வக்கீலம்மா தினமும் கேட்கிறாள், “உங்க அக்காகிட்ட இருந்து ஏதாவது வந்துச்சா?” ரேடியோ அண்ணன் தபால்காரரைப் படியிலேயே மறித்து நிற்கிறார். நான் எல்லோரிடமும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டை நீ திருப்பித் தர வேண்டாம். அழ வேண்டாம். வரக்கூட வேண்டாம். பத்தாம் பக்கத்தைத் திருத்து. அந்தத் தலைப்பின் கீழிருந்து அம்மாவை எடு.

தம்பி